பொதுக் கருவியும் பொதுப் பள்ளியும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால்மரம் சீவ யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் மரத்தைச் சாகவிடாமல், பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பல ஆண்டுகள் பால் எடுக்கலாம் என்று ஆராய்ந்து காட்டிய இடம் சிங்கப்பூர். இங்குள்ள பூமலைத் தாவரவியல் தோட்டத்திற்கு 1877-இல் ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி அந்த முறையைக் கண்டறிந்தார். அதை ஒளித்து வைக்காமல் எழுதி வெளியிட்டார். கேட்டவர்களுக்கு விதையும் கொடுத்தார்.

அந்த அறிவால் செல்வம் சேர்த்தவர்கள் தோட்ட முதலாளிகள். மரம் சீவிய கைகளுக்குக் கிடைத்தது நாட்கூலிதான். ஆகவே, அறிவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அது நம் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்க்கும் இடம் பொதுப் பள்ளிக்கூடம்.

இன்று பள்ளியின் கருவி கணினி. அதை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். தேக்காச் சந்தையில் வாங்கும் மசாலாத்தூளில் என்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியும். வீட்டு அம்மியில் அரைத்தால் காரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அடுத்த வீட்டாருக்கும் பக்குவம் சொல்லலாம். மென்பொருளிலும் இவ்விரு வகை உண்டு. செய்முறையை எல்லோரும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும் இடம் தருவதே திறந்த மென்பொருள்.

இதன் அருமையைத் தமிழர்கள் எழுத்தின் வழியாக உணர்ந்தார்கள். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அங்கே இருந்தது.

1997 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு, இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்ற இலக்கோடு, ஏறத்தாழ 200 கோடி வெள்ளியில் பள்ளிகளுக்கான திட்டத்தை அறிவித்தது. பணம் கணினியை வாங்கித் தந்துவிடும். தமிழுக்கோ வேறொரு சிக்கல் இருந்தது. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துக்கும் தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தட்டிய ‘அம்மா’, மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு தேட 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டை அடுத்து, தமிழ்நாட்டரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பொதுமுறையாக ஏற்றது. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார். 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்க் கணினி அமைப்பு உருவாயிற்று. பொதுவிதி ஒன்று இருந்தால் யாரும் கருவி செய்யலாம். ‘தமிழா’ குழுவினர் ‘இ-கலப்பை’ என்ற தட்டச்சுக் கருவியைச் செய்து, காசு வாங்காமல் வழங்கினார்கள்.

விதியோடு மென்பொருளும் பொதுவானால் பள்ளிக்கு என்ன நன்மை என்பதற்குக் கேரளமே சான்று. அங்கே 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளை லினக்ஸ் என்னும் திறந்த மென்பொருளுக்கு மாற்றியது. உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று. மலையாளத்திலேயே கணினியை இயக்கும் வசதி வந்தது. பள்ளியில் கற்ற அதே மென்பொருளைப் பிள்ளை வீட்டிலும் செலவின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் மென்பொருளைக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள். பயிற்சி இல்லாத இடத்தில் இலவசக் கருவியும் தூசிதான் படியும்.

பெற்றோர்களே, பள்ளிக் கூட்டத்திற்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பள்ளிக் கணினியில் பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்களா? அந்த மென்பொருள் வீட்டுக்கும் விலையின்றிக் கிடைக்குமா? ஆசிரியருக்கு அதில் பயிற்சி உண்டா? கணினி தெரியாதவர்களும் இவற்றைக் கேட்கலாம்.