எழுத்தாளர் நினைவில்லமும் வாசகர் தொடர்பும்: மைசூரு யாதவகிரி ஆர். கே. நாராயண் இல்லத்தை முன்வைத்து

1. முன்னுரை

எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கிப் பேணும் வழக்கம் ஐரோப்பிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே வேரூன்றியது. இந்தியாவில் இவ்வழக்கம் பெரும்பாலும் விடுதலைக்குப் பின்னரே பரவலாயிற்று. நினைவில்லம் என்பது வருவோருக்காகக் கதவு திறந்திருக்கும் இடம் என்பதே பொதுவான எண்ணம். கதவு மூடப்படும் காலத்தில் அவ்வில்லத்தின் பணி யாது என்னும் வினா 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் எழுந்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் உலகின் அருங்காட்சியகங்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது 85,000க்கும் மேற்பட்டவை, தற்காலிகமாக மூடப்பட்டன என்று யுனெஸ்கோ அவ்வாண்டு மே மாதம் அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 13 விழுக்காடு மீண்டும் திறக்கப்படாமலே போகக்கூடும் என்னும் அச்சமும் அப்போது வெளியிடப்பட்டது.

மைசூரு யாதவகிரியிலுள்ள ஆர். கே. நாராயண் இல்லத்தின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, நினைவில்லம் தன்னிடம் வர இயலாத வாசகரை எவ்வாறு அடையக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வீடு, ஏடு, எழுத்து ஆகிய மூன்றும் ஒன்றல்ல. அவற்றுள் எதைக் காக்கிறோம் என்பதைப் பொறுத்தே வாசகர் தொடர்பும் அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. இல்லத்தின் தோற்றம்

ஆர். கே. நாராயண் 1906 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இளமையில் புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்தார். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் பின்னர் அந்நகருக்குச் சென்று, மகாராஜா கல்லூரியில் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். மால்குடி என்னும் கற்பனை ஊரைக் களமாகக் கொண்ட முதல் நாவலான 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்', ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் முயற்சியால் 1935இல் இலண்டனில் வெளிவந்தது. வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், எழுத்தில் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் அமைந்த வாழ்க்கை அவருடையது.

நாராயண் யாதவகிரியில் நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியது 1940களின் பிற்பகுதியிலாகும். இலட்சுமிபுரத்தில் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலிருந்து விலகி, எழுதுவதற்கென அமைதியான இடம் வேண்டியே அவர் இதனை அமைத்தார். எட்டுச் சாளரங்கள் கொண்ட எழுத்தறை ஒன்றைத் தாமே திட்டமிட்டதாகவும், சாமுண்டி மலையும் நகரின் கோபுரங்களும் மேய்ச்சல் நிலங்களும் கண்ணில் பட்டுக் கவனத்தை ஈர்த்தமையால் திரையிட்டு மறைக்க நேர்ந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். காட்சிக்காகக் கட்டிய அறையில் காட்சியை மறைத்த பின்னரே எழுத முடிந்தது என்னும் இச்செய்தி கருத்திற்கொள்ளத்தக்கது. இன்று அவ்வறையில் நின்று சாளரத்தின் வழியே நோக்கும் பார்வையாளர் மால்குடியைக் காண்பதில்லை. அவ்வூர் திரைக்கு இப்பால், எழுதுபவரின் உள்ளத்தில் உருவானதாகும்.

இவ்வில்லத்தையும் படைப்புகளையும் நேரடியாகப் பொருத்திக் காண்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தி கைடு' நாவலை நாராயண் பெரிதும் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் விடுதியறை ஒன்றில் தங்கி எழுதினார். 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்', 1945இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' ஆகியவை இவ்வீடு எழுவதற்கு முன்னரே தோன்றியவை. எனவே, படைப்புகள் யாவும் பிறந்த இடம் என்று இவ்வில்லத்தைக் கூறுதல் பொருந்தாது. எழுத்தாளர் ஒருவர் தம் தொழிலுக்கெனத் தம் உழைப்பில் அமைத்துக்கொண்ட இடம் என்பதே இதன் உண்மையான சிறப்பு.

3. இடிப்பும் மீட்பும்

நாராயண் 1990ஆம் ஆண்டளவில் உடல்நலக் குறைவால் சென்னைக்கு இடம்பெயர்ந்தார்; 2001 மே 13ஆம் நாள் அங்கேயே காலமானார். யாதவகிரி இல்லம் பல்லாண்டுகள் பயன்பாடற்றுக் கிடந்தது. 2011ஆம் ஆண்டில் அங்குப் புதிய கட்டடம் எழுப்பும் பொருட்டு இடிப்பு வேலை தொடங்கியது. நாளிதழ்ச் செய்திகளும் வாசகர்களின் எதிர்ப்பும் அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தன. ஒரு பகுதி இடிக்கப்பட்ட நிலையில் பணி தடுத்து நிறுத்தப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 2.4 கோடி ரூபாய் அளித்து மைசூரு மாநகராட்சி அவ்வில்லத்தை வாங்கியது. சீரமைக்கப்பட்ட இல்லம் 2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நிழற்படங்கள், விருதுகள், நூல்கள், மூக்குக் கண்ணாடி, உடைகள் முதலியன அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இம்முயற்சிக்குக் கன்னட எழுத்தாளர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நாராயண் கன்னடத்தில் எழுதியவரல்லர். இறுதிக் காலத்தில் சென்னைக்குச் சென்றுவிட்டவர். அவ்வாறாயின் கருநாடகப் பொதுப்பணம் அவர் வீட்டிற்குச் செலவிடப்படுதல் முறையா என்பது அவர்கள் எழுப்பிய வினா. இதனை வெறும் மொழிக் காழ்ப்பு எனத் தள்ளிவிடுதல் ஆராய்ச்சி நெறியன்று. தம் மொழி எழுத்தாளர் பலருடைய வீடுகள் கவனிப்பாரற்று அழியும்போது இவ்வினா எழுதல் இயல்பே. எனினும், நகரம் ஒன்றின் இலக்கிய நினைவு ஒரு மொழிக்குள் மட்டும் அடங்குவதன்று. மைசூரின் தெருக்களும் சந்தையும் பள்ளிகளும் ஆங்கில எழுத்தின் வாயிலாக உலக வாசகரைச் சென்றடைந்தன. கருநாடகத்தைப் பற்றிய 'தி எமரால்டு ரூட்' என்னும் பயண நூலையும் அவர் 1977இல் வெளியிட்டார்.

இவ்விவாதத்தின் முடிவு வீட்டை வாங்கியதோடு நிறைவெய்தவில்லை. பொதுப்பணத்தில் மீட்கப்பட்ட வீடு பொதுமக்கள் எத்தனை பேரை, எம்மொழிகளில் அடைகிறது என்பதே அவ்வினாவிற்கு அளிக்கத்தக்க மெய்யான விடையாகும்.

4. மூடிய கதவுகளின் காலம்

2020 மார்ச் 25 முதல் இந்தியாவில் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது அருங்காட்சியகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. யாதவகிரி இல்லமும் அதற்கு விலக்கன்று. இக்காலத்தில் பிறநாட்டு எழுத்தாளர் இல்லங்கள் சில மேற்கொண்ட முயற்சிகள் ஒப்பீட்டிற்கு உதவும்.

இங்கிலாந்தின் சாட்டன் சிற்றூரில் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த வீடு 1949 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காணும் இணையவழி உலாவை அது வாசகருக்கு அளித்தது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஆன் பிராங்க் இல்லம், ஆன் நாட்குறிப்பேட்டிற்கு மாறாக ஒளிப்படக் கருவி ஒன்றைப் பெற்றிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் கற்பனையில் அமைந்த காணொளித் தொடரை 2020இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஆம்கர்ஸ்ட் நகரிலுள்ள எமிலி டிக்கின்சன் இல்லம் பெருந்தொற்றினாலும் அதனைத் தொடர்ந்த சீரமைப்புப் பணியாலும் 2022 ஆகஸ்டு வரை மூடியிருந்தது. அக்காலத்தில் அக்கவிஞரின் 1,789 கவிதைகளையும் வாசகர்களே முறைவைத்துப் படிக்கும் தொடர்வாசிப்பு இணையவழி நிகழ்ந்தது.

இம்மூன்றும் மூவேறு நெறிகளைக் காட்டுகின்றன. முதலாவது வீட்டைக் காட்டியது; இரண்டாவது வாழ்வை நடித்துக் காட்டியது; மூன்றாவது எழுத்தையே வாசகர் வாயில் வைத்தது. இவற்றுள் மூன்றாவதே குறைந்த பொருட்செலவில் நிறைந்த பயன் தரத்தக்கது எனலாம். வீட்டின் படம் பார்வையாளரைப் பார்வையாளராகவே நிறுத்துகிறது. வாய்விட்டுப் படித்தலோ அவரை வாசகராக்குகிறது.

5. வீடும் ஏடும்

இந்நெறிகளை இந்தியச் சூழலில் பின்பற்றுவதற்கு முன் அடிப்படை வேறுபாடு ஒன்றை நோக்கவேண்டும். நாராயணின் கையெழுத்துப் படிகளுள் பெரும்பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மைசூருவில் வீடு இருக்கிறது, ஏடு இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையைத் தமிழகத்தில் காண்கிறோம். உ. வே. சாமிநாதையர் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த 'தியாகராச விலாசம்', கும்பகோணம் கல்லூரியில் தமக்குப் பணி கிடைக்க உதவிய தியாகராச செட்டியாரின் நினைவாக அவரால் பெயரிடப்பட்டது. சங்க நூற்பதிப்புப் பணியோடு தொடர்புடைய அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. யாதவகிரி இல்லம் இடிப்பினின்று காக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டே இது நிகழ்ந்தது. ஆயினும், ஐயர் தொகுத்த ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் 1943இல் நிறுவப்பட்ட அவர் பெயரிலான நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. அங்கு வீடு போயிற்று; ஏடு நின்றது.

இவ்விரண்டனுள் எது பேரிழப்பு என்னும் வினாவிற்கு ஆராய்ச்சியாளர் தயக்கமின்றி விடை கூறுவர்: சுவடியின்றேல் பதிப்பில்லை, பதிப்பின்றேல் சங்க நூல்களைப் பற்றிய இன்றைய அறிவில்லை. ஆனால் பொதுமக்களின் நினைவு சுவடியைப் பற்றிக்கொள்வதினும் சுவரைப் பற்றிக்கொள்வதே மிகுதி. இரண்டையும் ஒருசேரக் காத்தலே முறை. அஃது இயலாத நிலையில், இல்லாத ஒன்றின் படியையேனும் பெற்று வைத்தல் வேண்டும். பாஸ்டனிலுள்ள கையெழுத்துப் படிகளின் மின்படிகள் யாதவகிரிக்குக் கிடைக்குமாயின், வீட்டைச் சுற்றிப் பார்ப்பவர் எழுத்தாளரின் அடித்தல் திருத்தல்களையும் காணும் வாய்ப்பைப் பெறுவர்.

6. உரிமையும் எல்லையும்

எழுத்தை வாசகரிடம் கொண்டுசெல்வதில் பதிப்புரிமை ஒரு தடையாக நிற்கிறது. ஆஸ்டினின் நாவல்கள் எவருக்கும் உரியவை. பாரதியின் படைப்புரிமையும் 1949இல் சென்னை மாகாண அரசால் பெறப்பட்டுப் பின்னர் மக்களுடைமையாயிற்று. எனவே, 1993இல் அரசு நினைவில்லமாக்கிய திருவல்லிக்கேணி பாரதியார் இல்லம் அவருடைய பாடல்களைத் தடையின்றி ஒலிபரப்பலாம், அச்சிட்டு வழங்கலாம். நாராயண் இல்லத்திற்கு அவ்வுரிமை இல்லை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைவிற்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஆதலின் அவர் நூல்கள் 2061 இறுதிவரை உரிமைக்குட்பட்டவை. வீட்டை வாங்கிய மாநகராட்சி எழுத்தை வாங்கவில்லை. உரிமையாளர்களின் இசைவு பெற்றே முழுநூல் வாசிப்பை நிகழ்த்த இயலும். இவ்விசைவைப் பெறுதல் சுவரைச் சீரமைத்தலுக்கு இணையான பணியாகக் கருதப்பட வேண்டும்.

இணையமும் எல்லாரையும் எட்டுவதன்று. ஆப்பிரிக்காவிலும் சிறு தீவு நாடுகளிலும் 5 விழுக்காடு அருங்காட்சியகங்களே இணையவழியில் ஏதேனும் வழங்க முடிந்தது என்று யுனெஸ்கோ 2020இல் சுட்டியது. நம் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி மாணவர் பலருக்கும் இணையம் எட்டாப் பொருளாகவே அக்காலத்தில் இருந்தது.

இவ்விடத்து மைசூருவின் வரலாறே ஒரு வழியைக் காட்டுகிறது. மைசூர்ப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் ஒன்றை அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திற்கே முதலில் வழங்கியது. பின்னர் அது நாடு முழுமைக்கும் உரிய பெயராயிற்று. இன்றைய மைசூரு வானொலி நிலையம் அமைந்திருப்பதும் யாதவகிரியிலேயே. ஒரு வீடு தன் வாயிலுக்கு வாராத ஆயிரக்கணக்கானோரிடம் பேசிய வரலாறு இந்நகருக்கு உண்டு. நாராயண் இல்லத்தின் அறைகளைப் பற்றிய விளக்கமும், இசைவு பெற்ற கதைகளின் வாசிப்பும் கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வானொலி வழியாகச் செல்லுமாயின் இணையமில்லாதவரையும் அவை எட்டும்.

நாராயணின் கதைகள் 1980களில் சங்கர் நாக் இயக்கத்தில் 'மால்குடி டேஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடராகி, யாதவகிரியைக் கண்டிராத இலட்சக்கணக்கானோரை அடைந்தன. அத்தொடர் சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே முதலிய இடங்களில் படமாக்கப்பட்டது. அதில் மால்குடி நிலையமாகக் காட்டப்பட்ட அரசாளு இரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாக்கப்பட்டது. எழுத்தாளர் வாழ்ந்திராத ஊரில், எங்கும் இல்லாத ஊருக்கு ஒரு நினைவிடம் எழுந்துள்ளது. கதை சென்று சேர்ந்த இடத்தில் மக்கள் தாமே நினைவில்லத்தை உண்டாக்கிக்கொள்வர் என்பதற்கு இது சான்றாகும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. யாதவகிரி இல்லத்தின் கதவு 2020இல் முதன்முறையாக மூடப்படவில்லை; 1990 முதல் 2016 வரை கால் நூற்றாண்டிற்கும் மேலாக அது வாசகருக்கு மூடியே கிடந்தது. அக்காலத்தில் எழுத்தாளரை வாசகரோடு இணைத்தவை நூல்களும் தொலைக்காட்சித் தொடருமேயாகும். ஆகவே, மூடிய காலத்து வாசகர் தொடர்பு என்பது பெருந்தொற்று தந்த புதுவழக்கமன்று. நினைவில்லங்களின் அடிப்படைப் பணியே அதுவாகும். வீட்டைக் காத்தல் முதற்படி. ஏட்டின் படியைப் பெறுதல் இரண்டாம் படி. எழுத்தைப் பல மொழிகளில் வாசகர் செவிக்குச் சேர்த்தல் மூன்றாம் படி.

முதற்படியை மைசூரு ஏறிவிட்டது. தியாகராச விலாசத்தை இழந்த தமிழர் அதனைப் பாராட்டக் கடமைப்பட்டவர். எஞ்சிய இரு படிகளையும் ஏறுவதற்கு, இந்நகரிலுள்ள மொழி நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் மாநகராட்சியுடன் இணைந்து செயற்படுதல் வேண்டும். வீட்டிற்கு வர இயலாத மாணவர் ஒருவர் தம் மொழியில் மால்குடிக் கதையொன்றைக் கேட்கும் நாளில், அவ்வீட்டிற்காகச் செலவிட்ட பொதுப்பணம் முறையானதா என்னும் பழைய வினாவிற்கும் விடை கிடைத்துவிடும்.