உழைப்பும் ஊதியமும்: ஃபோர்டு ஆலை உணர்த்தும் உண்மை

கூலி உயர்ந்தால் தொழிலாளியின் குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்பது பலர் கொண்டுள்ள கருத்தாகும். அக்கருத்து முழு உண்மைதானா என்பதை ஆராய்வார்க்கு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டு நடத்திய மோட்டார் ஆலையின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

1913-ஆம் ஆண்டு வரையில் அவ்வாலையில் காரின் அடிச்சட்டம் ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர் அதனைச் சூழ்ந்து நின்று உறுப்புகளைப் பொருத்துவர். ஒரு சட்டத்தை முடிக்க ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் புதுமுறை புகுந்தது. சட்டம் நகர்ந்து வந்தது. தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்றான். ஒருவன் ஆணியைச் செருகுவான், அடுத்தவன் மரையை மாட்டுவான், அதற்கடுத்தவன் முறுக்குவான். 1914-இல் அதே வேலை 1 மணி 33 நிமிடத்தில் முடிந்தது.

உற்பத்தி பெருகிற்று, ஆனால் ஆட்கள் தங்கவில்லை. சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு 1913-இல் மட்டும் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் 1914 ஜனவரி 5-ஆம் நாள், 8 மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 அமெரிக்க வெள்ளி என ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. அதற்குமுன் 9 மணி நேரத்திற்கு இரண்டரை வெள்ளிக்கும் குறைவாகவே கிடைத்து வந்தது. ஆலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் குழுமினர்.

ஆட்கள் ஏன் விலகி ஓடினர்? இவ்வினாவுக்கான விடையை மூன்று பேரறிஞர்களின் நூல்களிற் காணலாம்.

முதல்வர் கார்ல் மார்க்ஸ். 1844-இல் பாரிஸ் நகரிலிருந்தபோது அவர் எழுதிய குறிப்புகள் 1932-இல்தான் முழுமையாக அச்சேறின. செய்யும் பொருள் தொழிலாளிக்கு உரியதன்று. செய்யும் முறையும் அவன் வகுத்ததன்று. ஆகவே அவன் தன் உழைப்பினின்றும், உடன் உழைப்பாரினின்றும், தன்னினின்றுமே அந்நியமாகிறான் என்பது அவர் முடிபு. ஆணி முறுக்கியவனின் சலிப்புக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் அரிது.

இரண்டாமவர் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம். அவருடைய வேலைப் பிரிவினை பற்றிய நூல் 1893-இல் வெளிவந்தது. வேலைப் பிரிவினை மனிதரைப் பிரிப்பதன்று, ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்கச் செய்து இணைப்பதே அதன் இயல்பு என்றார் அவர். ஆனால் தன் பணி எதற்குப் பயன்படுகிறது என்பதை அறியாது ஒருவன் இயந்திரம்போல் இயங்குவானாயின், அப்பிரிவினை நோயுற்றது என்றும் எச்சரித்தார். 1902-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், ஒரே தொழில் புரிவோர் கூடி அமைக்கும் சங்கங்களே அந்நோய்க்கு மருந்து என வற்புறுத்தினார்.

மூன்றாமவர் ஜெர்மானியரான மாக்ஸ் வேபர். உழைப்பையும் சிக்கனத்தையும் இறைவன் இட்ட கடமையாகக் கருதிய புராட்டஸ்டண்டு நெறி முதலாளித்துவத்திற்கு ஊக்கமளித்தது என்று 1904-05-இல் எழுதினார். பின்னர் அச்சமய உணர்வு தேய்ந்து, கட்டுப்பாடு மட்டுமே எஞ்சியது என்பதும் அவர் கருத்து. ஃபோர்டு ஆலையில் நடந்தது இதனை மெய்ப்பிப்பது போலுள்ளது. அந்த 5 வெள்ளியில் ஏறத்தாழப் பாதியே கூலி. எஞ்சியது இலாபப் பங்கு. அப்பங்கைப் பெற ஒழுக்கத் தகுதி வேண்டும். ‘சமூகவியல் பிரிவு’ என்ற பெயரிலேயே ஓர் அலுவலகம் அமைத்து, அதன் அலுவலரை ஆலை நிர்வாகம் தொழிலாளர் இல்லங்களுக்கு அனுப்பிற்று. குடிக்கிறானா, பணம் சேமிக்கிறானா, வீடு தூய்மையாக உள்ளதா என்றெல்லாம் அவர்கள் விசாரித்துப் பதிந்தனர். 1915-இலிருந்து அப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் சாமுவேல் மார்க்விஸ் என்னும் சமயகுரு. கடவுளுக்காகப் பேணிய ஒழுக்கம், சம்பளத்திற்காகப் பேணும் ஒழுக்கமாயிற்று.

அந்தக் கார்களின் பெருக்கம் மலாயாவையும் தொட்டது. அமெரிக்க மோட்டார்த் தொழில் ரப்பரை மேலும் மேலும் வேண்டிற்று. அதனைத் தோட்டங்களில் சீவிய கைகளுள் தமிழர் கைகள் ஏராளம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் சொற்படி நிரைக்குச் சென்ற அவர்களும், தாம் எடுத்த பால் எங்கே எந்தச் சக்கரமாய் உருளும் என்பதைக் கண்டாரில்லை.

வெள்ளி ஐந்து ஆட்களை நிறுத்தியது உண்மையே. ஆயினும் மனக்குறையை அது அகற்றவில்லை. 1941-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்த பின்னரே ஃபோர்டு நிறுவனம் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தது. துர்கைம் சொன்ன மருந்தைத் தொழிலாளர் தாமே தேடிக்கொண்டனர் எனலாம்.

இன்று கைத்தொலைபேசி இடும் ஆணைப்படி உணவுப் பொட்டலம் சுமந்து விரையும் இளைஞனுக்குக் கங்காணியின் முகமும் தெரியாது. அவன் நிலையை ஆராய்வோரும் அப்பழைய வினாக்களையே கேட்டாக வேண்டும். இவ்வுழைப்பு யாருக்கு உரியது? இவனோடு இணைந்து நிற்போர் யார்? இவனை ஆளும் விதியை வகுத்தவர் யார்? கூலியை மட்டும் கணக்கிடுவோர்க்கு இவற்றின் விடை கிட்டாது.