மாடிப் பேருந்தும் விளையாட்டுத் திடலும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் சில விளையாட்டுத் திடல்களின் வாயிலில் இரு பலகைகளைக் காணலாம். ஒன்றில் சிங்கம், மற்றொன்றில் நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள குதிரை. சிங்கம் இடப்புறமும் குதிரை வலப்புறமும் இருக்கும். ஸ்காட்லாந்துக்குப் போனால் இரண்டும் இடம் மாறியிருக்கும். இவை 1936 ஜனவரியில் காலமான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவுத் திடல்கள். லண்டனில் ஒரு சிலை வைப்பதோடு நின்றுவிடாமல், நாடெங்கும் இளைஞர் விளையாட இடம் அமைப்பதே தக்க நினைவுச் சின்னம் என்று முடிவு செய்து, அவ்வாண்டு நவம்பரில் இதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள்.

அந்த அறக்கட்டளை கையாண்ட முறை கவனிக்கத் தக்கது. அது தானே ஊர் ஊராகச் சென்று நிலம் வாங்கித் திடல் அமைக்கவில்லை. ஓர் ஊர் மன்றம் இடத்தைத் தேடி, திட்டம் தீட்டி, பணத்தில் ஒரு பகுதியைத் தானே திரட்டிக்கொண்டு வந்தால், எஞ்சியதற்கு மானியம் வழங்கியது. நிலம் என்றென்றும் விளையாட்டுக்கே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. 1965-இல் அறக்கட்டளை கலைக்கப்பட்டபோது இத்தகைய திடல்களின் எண்ணிக்கை 471.

இந்த எண்ணம் திடீரென்று தோன்றியதன்று. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் திரட்டியபோது, தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அரசு கலங்கியது, ஒரு குழு அமைத்தது, 1904-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 1925-இல் தேசிய விளையாட்டுத் திடல் சங்கம் தோன்றியது. ஆயிரம் மக்களுக்கு ஆறு ஏக்கர் திறந்த வெளி வேண்டும் என்னும் அளவுகோலைப் பரப்பியது இச்சங்கமே. ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் சுமார் 24 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய வகுப்பறையின் பரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1937-இல் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்கிற்குமான சட்டம் நிறைவேறி, அரசுப் பணமும் திடல்களுக்கும் நீச்சல் குளங்களுக்கும் வரத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் போர் மூண்டது. பல திடல்களில் உருளைக்கிழங்கு விளைந்தது.

இடம் கொடுத்தால் இளைஞர் வந்து ஆடுவர் என்பதே இத்தனை முயற்சிக்கும் அடிப்படை நம்பிக்கை. இது மெய்தானா? டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சென் என்னும் நிலவடிவமைப்பாளர் வேறொன்றைக் கவனித்தார். தாம் அழகாக அமைத்த திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய சாமான் குவியல்களிலுமே குழந்தைகள் மகிழ்ந்து விளையாடுவதைக் கண்டார். அவருடைய கருத்தின்படி, 1943-இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் பலகைகளும் செங்கற்களும் நிறைந்த ஒரு திடல் திறக்கப்பட்டது. ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி 1946-இல் அதைப் பார்த்துவிட்டு, குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளில் அதே முறையைக் கொண்டுவரப் பாடுபட்டார்.

இனி மாடிப் பேருந்துக்கு வருவோம். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பவர். நடத்துநரோ நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறி இறங்குபவர். இதய நாள நோய் ஓராண்டில் ஓட்டுநர்களில் ஆயிரத்துக்கு 2.7 பேருக்கும், நடத்துநர்களில் 1.9 பேருக்கும் கண்டது. நடத்துநர்களுக்கு வந்த நோயும் அவ்வளவு கடுமையாக இல்லை.

இயற்பியல் படித்தவனுக்கு இங்கே ஒரு கணக்குப் போடாமல் இருக்க முடியாது. படியின் உயரம் 20 செ.மீ. என்றால் 600 படிகள் 120 மீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் அவ்வுயரம் ஏறச் செய்யும் வேலை சுமார் 76,000 ஜூல். தசைகளின் திறனை ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 90 கிலோகலோரி. இரண்டு இட்லிக்கு மேல் இராது! ஆயினும் இந்தச் சிறு செலவு நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், இதயத்தை அடிக்கடி விரைவாகத் துடிக்க வைத்தது. பயன் கலோரிக் கணக்கில் மட்டும் அடங்குவதன்று.

மாரிஸைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. தம் முடிவைத் தாமே ஐயுற்றார். சீருடை தைக்க எடுத்த அளவுக் குறிப்புகளை வரவழைத்துப் பார்த்தார். ஒரே உயரமும் ஒரே வயதும் உடையவர்களை ஒப்பிட்டபோதும் ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது. வேலையில் இளையவர்களிடமும் இவ்வேறுபாடு இருந்தது. அப்படியானால் வேலை உடலை மாற்றியதா, உடலுக்கு ஏற்ற வேலையை ஆள்கள் தேர்ந்துகொண்டார்களா? 1956-இல் இதையும் அவரே வெளியிட்டார். பின்னர் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் அரசு ஊழியர் பல்லாயிரவரின் ஓய்வுநேரப் பழக்கங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பிறகே உடலுழைப்பின் பயன் உறுதிப்பட்டது. மாரிஸ் 2009-இல், தம் 99-ஆம் வயதில் காலமானார்.

சீருடைக் குறிப்பு எழுப்பிய வினாவை மானியத் திடல்களிடமும் கேட்கலாம். திடலுக்கு வந்தவர்களைத் திடல் சுறுசுறுப்பாக்கியதா? முன்பே சுறுசுறுப்பானவர்கள்தாம் வந்தார்களா? எங்கள் கல்லூரியில் விளையாட்டுக் கட்டணத்தை எல்லா மாணவரும் செலுத்துகிறார்கள். பந்தை உதைப்பவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே முப்பது பேர். வந்தவர்களை மட்டும் எண்ணிப் பெருமைப்பட்டால் வராதவர்கள் கணக்கில் தோன்றவே மாட்டார்கள்.

பிரிட்டனிலும் இது மெல்லத்தான் உணரப்பட்டது. 1960-இல் உல்ஃபெண்டன் குழு விளையாட்டையும் சமுதாயத்தையும் பற்றி அறிக்கை தந்தது. 1970களில் ‘அனைவருக்கும் விளையாட்டு’ என்னும் முழக்கம் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1994-இல் தொடங்கிய தேசியப் பரிசுச் சீட்டின் வருவாயில் ஒரு பங்கு விளையாட்டுக்குச் சென்றது. பரிசுச் சீட்டுப் பணம் நல்ல பணமா என்பது வேறு விவாதம். அப்பணத்தில் 2011 முதல் 2017 வரை இங்கிலாந்தில் ‘ஸ்போர்ட்டிவேட்’ என்னும் திட்டம் நடந்தது. இதன் நோக்கம் வெளிப்படையாகவே வேறு. ஓய்வுநேரத்தில் தாமாக விளையாட முன்வராத இளைஞர்களுக்கு, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ, ஆறு முதல் எட்டு வாரம் பயிற்சி அளித்து, அதன்பின் உள்ளூர் மன்றங்களில் சேர்த்துவிடுவது. தொடக்கத்தில் 14 முதல் 25 வயது வரை. பிறகு 11 வயதினரும் சேர்க்கப்பட்டனர். 1936-இன் மானியம் நிலத்துக்குச் சென்றது. இந்த மானியம் ஆளைத் தேடிச் சென்றது.

தேட வேண்டியவர்கள் சிலரல்லர். உலக நலவாழ்வு நிறுவனம் 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டு விவரங்களைத் தொகுத்தபோது, 11 முதல் 17 வயதுடையோரில் 81 சதவீதத்தினர் நாளுக்கு ஒரு மணி நேர உடலியக்கம்கூட இல்லாதவர்கள் என்று கண்டது. மாணவர்களில் 78 சதவீதம், மாணவிகளில் 85. இங்கிலாந்தில் பெண்களிடம் காரணம் கேட்டபோது, திடல் இல்லை என்பதைவிட, பிறர் பார்த்து என்ன நினைப்பார்களோ என்னும் அச்சமே பெரிதாக வெளிப்பட்டது. 2015-இல் அங்கே பெண்களுக்கென ஒரு பெரிய விளம்பர இயக்கம் தொடங்க இதுவே காரணமாயிற்று.

இதைப் படித்தபின் என் வகுப்பு மாணவியர் சிலரிடம் நானும் கேட்டேன். மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றித்தான் முதலில் சொன்னார்கள். காலை ஆறரைக்கு வாயிலைத் திறந்தால் வருகிறோம் என்றும் சொன்னார்கள். இப்போது சாவி ஒன்பது மணிக்கு வருகிறது.