நேரலையில் படம் ஏன் உறைகிறது? கேமராவில் இருந்து உங்கள் டிவி வரை எச்டி செய்தி வரும் வழி

புயல் கரையைக் கடக்கும் நேரம். நிருபர் கடற்கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது. "தொடர்பில் சிக்கல், மீண்டும் இணைவார்" என்று ஸ்டுடியோவில் சமாளிக்கிறார்கள். நாம முக்கியமா பார்க்க நினைக்கிற நேரத்தில்தான் இது நடக்குது. என்ன காரணம்? எளிமையாகப் பார்க்கலாம்.

எச்டி என்றால் என்ன?

பழைய எஸ்டி படத்தில் 720 x 576 புள்ளிகள், அதாவது சுமார் 4.15 லட்சம். முழு எச்டியில் 1920 x 1080, சுமார் 20.7 லட்சம். கிட்டத்தட்ட 5 மடங்கு விவரம். இந்தியாவில் எச்டி ஒளிபரப்பு பரவலாகப் பேசப்பட்டது 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது. தூர்தர்ஷன் அந்தப் போட்டிகளை எச்டியில் ஒளிபரப்பியது.

டிவியில் பெரும்பாலும் பயன்படுவது 1080ஐ என்ற முறை. நொடிக்கு 25 முழுப் படங்களை ஒரேயடியாக அனுப்பாமல், ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என 50 அரைப் படங்களாக அனுப்புவார்கள். இதைச் சரியாக மாற்றாமல் மொபைலுக்குக் கொடுத்தால், வேகமாக ஓடும் காட்சிகளில் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி தெரியும். அதற்குக் காரணம் உங்க போன் இல்லை.

படத்தை ஏன் சுருக்க வேண்டும்?

ஸ்டுடியோவுக்குள் கேமராவில் இருந்து கேபிள் வழியாக ஓடும் எச்டி சிக்னலின் அளவு நொடிக்கு சுமார் 1,485 மெகாபிட். சுருக்கப்படாத முழுப் படம் அது. களத்தில் இருந்து மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும்போது அதே படம் நொடிக்கு 5 மெகாபிட் அளவுக்கு வந்தாக வேண்டும். அதாவது 300-ல் ஒரு பங்கு.

அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் அனுப்புவதுதான் இந்தச் சுருக்கலின் அடிப்படை. அமைதியாக நின்று பேசும் நிருபர் என்றால் சுலபம். மழை, அலை, ஆடும் மரம், ஓடும் கூட்டம் என்றால் திரையின் ஒவ்வொரு மூலையும் மாறிக்கொண்டே இருக்கும். புயல் காட்சி முதலில் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். புதிய எச்.265 முறை, பழைய எச்.264-ஐவிட ஏறக்குறைய பாதி டேட்டாவில் அதே தரத்தைத் தருகிறது. களக் கருவிகள் அதற்கு மாறி வருவதற்கு இதுவே காரணம்.

முதுகில் இருக்கும் பை என்ன செய்கிறது?

கேமராமேன் முதுகில் ஒரு பை தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. 'பேக்பேக்' என்பார்கள். லைவ்யூ, டிவியூ போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. உள்ளே வெவ்வேறு நிறுவனங்களின் பல சிம் கார்டுகள் இருக்கும். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, எண் போட்டு, எல்லா சிம்களிலும் பிரித்து அனுப்பும். அலுவலகத்தில் உள்ள சர்வர் அவற்றை வரிசைப்படி சேர்த்து மீண்டும் படமாக்கும். ஒரு நெட்வொர்க் விழுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்.

துண்டுகள் வந்து சேரக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் தொகுப்பாளர் கேள்வி கேட்டதும் நிருபர் ஓரிரு நொடி சும்மா நிற்கிறார். இந்தத் தாமதத்தைக் கூட்டி வைத்தால் படம் நிலையாக வரும், உரையாடல் இழுக்கும். குறைத்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், படம் உடையும் ஆபத்து அதிகம்.

நிருபர் காதில் இருக்கும் கருவிக்குப் போகும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் கழித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தான் பேசியதே சில நொடி கழித்துக் காதில் விழும். அப்படிக் கேட்டுக்கொண்டே தொடர்ந்து பேச முடியாது.

அப்புறம் ஏன் உறைகிறது?

பை எத்தனை சிம் வைத்திருந்தாலும், அந்த இடத்தின் டவரில் இருக்கும் திறனைத்தான் பயன்படுத்த முடியும். மாநாடு, திருவிழா போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்புவார்கள். மொபைல் நெட்வொர்க்கில் தரவிறக்கத்தைவிட மேலே அனுப்பும் திறன் குறைவு. நேரலைக்குத் தேவைப்படுவது அதுதான்.

புயலில் நிலைமை இன்னும் மோசம். மின்சாரம் போனால் டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் கொஞ்ச நேரம்தான் ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு மொபைல் தொடர்பும் போனது. தண்ணீர் சூழ்ந்த வீட்டில் இருந்தவர்களால் உதவி கேட்கவும் முடியவில்லை, படம் அனுப்பவும் முடியவில்லை.

இங்கேதான் விஷயம் தொழில்நுட்பத்தைத் தாண்டிப் போகிறது. பாதிப்பு எங்கே அதிகமோ, அங்கிருந்துதான் படம் வருவது கஷ்டம். டவர் இருக்கும் நகரத் தெரு திரும்பத் திரும்பத் திரையில் வரும். முழுசா துண்டிக்கப்பட்ட கிராமம் ஒரு வரிச் செய்தியாகக் கீழே ஓடும். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோதும் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. படம் வராத ஊரில் பாதிப்பு இல்லை என்று அர்த்தம் கிடையாது.

மாற்று வழிகள் என்ன?

* ஓபி வேன்: டவர் தேவையில்லை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு நேரடியாக அனுப்பும். ஏறி இறங்க மட்டும் கால் நொடி ஆகும். ஆனால் பலத்த காற்றில் டிஷ்ஷைத் தூக்கி நிறுத்த முடியாது. கேயு பேண்டில் இயங்கினால் கனமழையிலும் சிக்னல் பலவீனமாகும். வீட்டு டிடிஎச் மழையில் நின்றுபோவதும் இதே காரணத்தால்தான்.
* ஃபைபர் இணைப்பு: கூட்டம் நடக்கும் இடத்தில் முன்கூட்டியே கம்பி வழி இணைப்பு எடுப்பது.
* கோப்பாக அனுப்புவது: நேரலையை விட்டுவிட்டு, பதிவு செய்து அனுப்புவது. எக்ஸ்டிகேம் எச்டி 422 வகை கேமராப் பதிவு நொடிக்கு 50 மெகாபிட். 2 நிமிடம் சுமார் 750 எம்பி. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 10 நிமிடம் ஆகும். நொடிக்கு 8 மெகாபிட்டாகச் சுருக்கினால் ஒன்றரை நிமிடத்தில் போய்விடும்.
* போனோ: எதுவுமே சரிவராவிட்டால் நிருபரின் குரலை மட்டும் போனில் எடுத்து, பழைய காட்சியைப் போடுவது.

அலுவலகத்துக்கு வந்தபின்?

வந்த காட்சி சர்வரில் பதிவாகும். கூடவே அளவு குறைந்த ஒரு நகலும் உருவாகும். உதவி ஆசிரியர்கள் அந்த நகலைப் பார்த்து வெட்டுவார்கள். இறுதியில் எச்டி மூலத்தில் இருந்தே செய்தித் தொகுப்பு தயாராகும். முழுப் பதிவும் வந்து முடியும் முன்பே வெட்டத் தொடங்கலாம். பிரேக்கிங் செய்தி வேகமாக வருவது அப்படித்தான். பிறகு கிராஃபிக்ஸ், வாசிப்பு, பிசிஆர், அங்கிருந்து செயற்கைக்கோள், கேபிள், வீடு.

எல்லா செய்தி சேனல்களும் எச்டியில் ஒளிபரப்பாவதில்லை. எச்டியில் எடுத்ததை எஸ்டியாகச் சுருக்கி கேபிளுக்கு அனுப்புவதும் உண்டு. அதே சேனல் யூடியூப் நேரலையில் கூடுதல் தெளிவாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நீங்கள் வீடியோ அனுப்பினால்?

1. போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நிமிர்த்தி எடுத்தால் டிவியில் இரண்டு பக்கமும் மங்கலாக நிரப்ப வேண்டியிருக்கும்.
2. வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும், தரமும் குறையாது.
3. மூலக் கோப்பை அழிக்காதீங்க. எடுத்த தேதி, நேரம் அதில்தான் இருக்கும். பழைய வெள்ள வீடியோ புதுசா சுற்றும்போது, உண்மையைப் பிரித்தறிய உதவும் முக்கியத் தடயம் அது.
4. தண்ணீர் ஓடும் இடத்தில் படத்துக்காக இறங்காதீங்க. பாதுகாப்பான இடத்தில் இருந்து எடுத்த 20 நொடி போதும். ஊர்ப் பெயரையும் நேரத்தையும் சேர்த்து அனுப்பினால், அது செய்தியாகும்.