திரை ஓரத்தில் நின்ற ஆள்

1880-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ கலைச் சங்கத்தில் கூடியிருந்தவர்களுக்குப் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைத் திரையில் காட்டினார். சுழலும் கண்ணாடித் தட்டு, பின்னால் ஒரு விளக்கு. கருவிக்கு ஸூப்ராக்சிஸ்கோப் என்று வாயில் நுழையாத பெயர். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அதற்குப் பதினைந்து ஆண்டு முந்தியே இங்கே படமும் ஓடியது, எடுத்தவரே பக்கத்தில் நின்று விளக்கமும் சொன்னார். அதனால், படம் முடிந்ததும் இயக்குநரை மேடையேற்றிக் கேள்வி கேட்கும் வழக்கத்தை யாராவது சன்டான்ஸ் திரைப்பட விழாவின் கணக்கில் எழுதினால் எனக்கு ஒப்புவதில்லை. எங்கள் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் அசையும் படத்துக்கும் அதைப் பற்றிய பேச்சுக்கும் ஒரே வயது.

பேசாமல் மைபிரிட்ஜுக்கு வேறு வழியும் இல்லை. தட்டு ஒரு சுற்றுச் சுற்றக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். அப்புறம் அதே குதிரை அதே ஓட்டத்தைத் திரும்ப ஓடும். அதை வைத்து ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பதென்றால் கதை வேண்டும். கதை அவரிடம் இருந்தது. ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பாலோ ஆல்டோ பண்ணையில் 1878 ஜூனில் பத்திரிகைக்காரர்களை நிற்கவைத்து, பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக அடுக்கி எடுத்த கதை அது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவது அப்போதுதான் நிரூபணமானது. அதுவும் ஓவியர்கள் வரைந்தபடி கால்களை நீட்டிக்கொண்டு இல்லை, வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு. அந்தப் பண்ணைதான் இன்றைய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று எங்கள் ஃப்ரீமாண்ட் பெற்றோர் ஏழாம் வகுப்பிலேயே கணக்குப் போட ஆரம்பிக்கும் அதே வளாகம்.

1882-இல் ஸ்டான்ஃபோர்டு தன் நண்பர் ஸ்டில்மன் பெயரில் அந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டார். முகப்பில் மைபிரிட்ஜ் பெயர் இல்லை. வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. படம் கைவிட்டுப் போனாலும் சொற்பொழிவு அவருடையதாகவே இருந்தது. ஊர் ஊராக அதைக் கொண்டுபோனார். 1888 பிப்ரவரியில் நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் பேசிவிட்டு, பக்கத்திலிருந்த தாமஸ் எடிசனையும் போய்ப் பார்த்தார். எடிசனுக்கு விஷயம் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் கடைசியில் சந்தைக்குக் கொண்டுவந்தது கைனெட்டோஸ்கோப்: ஒருவர் மட்டும் குனிந்து துளைக்குள் பார்க்கும் பெட்டி. அதற்கான படங்களை எடுக்கத்தான் 1893-இல் வெஸ்ட் ஆரஞ்சில் கறுப்புத் தார்க்காகிதம் போர்த்திய ‘பிளாக் மரியா’ கொட்டகையைக் கட்டினார். அந்தப் பெட்டிக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவையில்லை, பார்ப்பவர்கள் கூடி உட்காரவும் தேவையில்லை. ஆளுக்கொரு ஃபோனில் படம் பார்க்கும் இன்றைய பழக்கத்தை எடிசன் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதே ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் தனிக் கொட்டகை போட்டுப் பேசிய மைபிரிட்ஜுக்குக் கூட்டம் சேரவில்லை.

நம் ஊரிலும் சினிமா வாய்பேசாமல் வரவில்லை. திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905-இல் புரொஜெக்டரோடு கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்து, பேசும்படம் வரும்வரை, கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று எழுத்து அட்டையைப் படித்துக் கதை சொல்ல ஆள் இருந்தார். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்ததும் அந்த வேலை போயிற்று. அப்புறம் சினிமாக்காரர்கள் மேடையேறியது நூறாவது நாள் விழாவுக்குத்தான். ஷீல்டு கொடுப்பார்கள், மாலை போடுவார்கள், எல்லாரும் எல்லாரையும் புகழ்வார்கள். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே கைதட்டும் வேலை மட்டும்தான். சென்னையில் நான் படித்த காலத்தில் ஃபிலிம் சேம்பரில் சொசைட்டிப் படங்கள் பார்த்தேன். விளக்கு எரிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். விவாதமெல்லாம் ஸ்டாப்பில் நின்றுதான்.

இங்கே அமெரிக்காவில் கேள்வி கேட்கும் பழக்கம் திரும்ப வந்ததற்கு, சந்தையே இல்லாத படங்கள்தான் காரணம். 1946-இல் ஃபிராங்க் ஸ்டாஃபாகர் என்ற இளைஞர் சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தில் ‘ஆர்ட் இன் சினிமா’ என்ற தொடரை ஆரம்பித்தார். கதையில்லாத படம், பரீட்சார்த்தப் படம், எந்தத் தியேட்டரும் தொடாத படம். பார்ப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. யாராவது பேசித்தான் ஆகவேண்டும். ஸ்டாஃபாகரிடம் கடிதத்தில் யோசனை கேட்டு, அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஏமஸ் வோகல் ‘சினிமா 16’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்.

அந்தச் சங்கம் 1953 அக்டோபரில் நடத்திய கூட்டம் ஒன்றை, மேடை விவாதம் ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு கமிட்டியும் படிக்கவேண்டும். தலைப்பு, கவிதையும் சினிமாவும். மேடையில் கவிஞர் டிலன் தாமஸ், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், விமர்சகர் பார்க்கர் டைலர், நடுவராக வில்லார்ட் மாஸ், இவர்களோடு இயக்குநர் மாயா டெரன். டெரன் மட்டும்தான் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார். கதை நீளவாக்கில் போகும், கவிதை ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும், சினிமாவுக்கு இரண்டுமே முடியும் என்று கோட்பாடாக விளக்கினார். தாமஸ் அதைக் கிண்டலடித்தார், கூட்டம் சிரித்தது, மில்லரும் உதவிக்கு வரவில்லை. சில நாட்களில், நவம்பர் 9-ஆம் தேதி, தாமஸ் இறந்துபோனார். பேச்சின் எழுத்துவடிவம் இன்றைக்கும் கிடைக்கிறது. படித்தால் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பேசியவர் அந்த மேடையில் ஒரே பெண்மணிதான் என்பது தெரிகிறது. பிரபலத்தைக் கூட்டி வந்து உட்காரவைத்தால் விவாதம் தானாக நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யும் அமெரிக்காவுக்கு இந்த அருங்காட்சியக வழியாகத்தான் வந்தது. 1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், இந்திய ஜவுளிக் கண்காட்சி ஒன்றை ஒட்டி, சப்டைட்டில்கூட இல்லாமல் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கல்கத்தா ரசிகர்கள் பார்த்தது அதற்கு அப்புறம். 1957 டிசம்பரில் தியேட்டர் முதலாளி இர்விங் லெவின் சான் பிரான்சிஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவை யூனியன் தெருவின் மெட்ரோ தியேட்டரில் ஆரம்பித்தபோது, சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டு விருதும் இதற்கே கிடைத்தன. மறு ஆண்டு ராய் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த ஃபிளாஹர்ட்டி கருத்தரங்குக்கு வந்தார். ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் மனைவி பிரான்சஸ், கணவர் இறந்தபிறகு, 1955-இல் தங்கள் பண்ணையில் தொடங்கிய கூட்டம் அது. என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். எந்த அபிப்பிராயமும் இல்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும், பிறகு எடுத்தவரை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசவேண்டும். டிரெய்லரையும் முதல் நாள் விமர்சனத்தையும் பார்த்துவிட்டே உள்ளே போகும் நமக்கு இது தண்டனை போலத் தோன்றலாம். எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ விழாவில் ஆல்பர்ட் ஜான்சன் வந்த பிறகுதான் கேள்வி நேரத்துக்கு ஒரு களை வந்தது. பெர்க்லியில் சினிமா பற்றிப் பாடம் நடத்திய கறுப்பின அறிஞர். 1965 முதல் ஹாலிவுட்காரர்களை அழைத்து, அவர்களுடைய படத்துண்டுகளை மதியம் முழுக்கக் காட்டி, பிறகு பொதுஜனத்தையே கேட்கவிட்டார். கேட்கிறவர் பத்திரிகையாளராக இருக்கவேண்டியதில்லை என்பது அப்போது புதுசு. பெர்க்லியில் பசிபிக் ஃபிலிம் ஆர்கைவ் 1971-இல் வந்தது. ஓக்லண்ட் மலைக்குப் பின்னாலிருக்கும் கேன்யன் என்ற சிற்றூரில் பரீட்சார்த்தப் பட இயக்குநர் புரூஸ் பெய்லி 1961-இல் தன் வீட்டுக் கொல்லையில் படம் போட்டதும் இந்தக் கதையில் சேரும். அந்த மாதிரிப் படங்களுக்கு வாடகைப் பணம் சொற்பம். எடுத்தவர் படச்சுருளோடு கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினால்தான் கையில் நாலு காசு. இயக்குநர் பேச்சு என்பதை இன்று கௌரவமாக நினைக்கிறோம். பலருக்கு அது சம்பளம்.

அப்புறம் சமூகங்களின் விழாக்கள் வந்தன. 1977-இல் எல்ஜிபிடி சமூகத்தின் ஃபிரேம்லைன், 1980-இல் யூதத் திரைப்பட விழா, 1982-இல் ஆசிய அமெரிக்க விழா, 2003-இல் தெற்காசியர்களுக்கான தேர்ட் ஐ. இவை ஒவ்வொன்றாக வரவர, கேள்வியின் தன்மையே மாறிப்போனது. அதுவரை கேட்டவர்கள், தங்களுக்குத் தெரியாத உலகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது கேட்பவர், ‘எங்களை ஏன் இப்படிக் காட்டினாய்?’ என்று கேட்டார். பிந்தையது சண்டையில் முடியும். ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். பார்ட் ரயிலில் 16-ஆவது தெரு மிஷன் நிலையத்தில் இறங்கி, ராக்ஸி தியேட்டருக்கு நடந்துபோய், விழாத் தொண்டராக நான் மைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். மைக் கைக்கு வந்ததும் சிலர் கேள்வியை மறந்து சொற்பொழிவு ஆற்றுவார்கள். பட்ஜெட் எவ்வளவு என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். முன்வரிசை அமெரிக்கர் ஒருவர் இந்தியாவைப் பற்றி மொத்தமாக ஒரு சந்தேகம் கேட்பார். இயக்குநர் பரிதாபமாக விழிப்பார். பின்வரிசையில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள் மட்டும், கேமரா ஏன் அந்தப் பெண் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவ்வளவு நேரம் நிற்கலாம்.

தமிழ்ப் படத்துக்கு இங்கே ரசிகர் பஞ்சம் இல்லை. தெற்காசியப் படங்களுக்கென்றே ஃப்ரீமாண்ட்டில் நாஸ் 8 தியேட்டர் இருந்த நாளிலேயே கூட்டம் இருந்தது. இப்போது வியாழக்கிழமை பிரீமியருக்குக் காகிதம் கிழித்து வீசுகிறார்கள், தியேட்டர்காரர் திட்டுகிறார். கேள்வி நேரம்தான் கிடையாது. 2015 கோடையில் நியூயார்க்கின் அஸ்டோரியாவிலிருக்கும் அசையும் பட அருங்காட்சியகம் ‘ரோஜா’, ‘பம்பாய்’, ‘தில் சே’ மூன்றையும் திரையிட்டு மணிரத்னத்தை அழைத்துப் பேசவைத்தது. நியூஜெர்சியின் எடிசன் நகரத்திலிருந்து போய்வந்த என் நாத்தனார் மகன் ஃபோனில், “அத்தை, பாட்டுக்கு யாரும் விசிலே அடிக்கல, எல்லாரும் நோட்டு வச்சிருந்தாங்க” என்றான். அவனுக்கு ஏமாற்றம். எனக்கோ போகமுடியவில்லையே என்று வயிற்றெரிச்சல்.

இங்குள்ள ஒரு தமிழ் விழாக் கமிட்டியில், ஒரு ஒலிப்பதிவாளரையோ எடிட்டரையோ அழைத்து, படத்தின் ஒரு ரீலை மட்டும் போட்டுப் பேசவைப்போம் என்று சொன்னேன். அவரை யாருக்குத் தெரியும், டிக்கெட் எப்படிப் போகும் என்றார்கள். ஹீரோ வந்தால் ஹாலையே பிடித்துவிடலாமாம். ஹீரோவிடம் என்ன கேட்பீர்கள் என்றேன். “கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு, செல்ஃபி எடுத்துக்க வேண்டியதுதான்” என்றார் பொருளாளர்.