தேய்மானமும் காற்றாலையும்: இந்தியக் காற்றாற்றல் முதலீட்டு வரலாற்றில் ஒரு பகுதி

இந்தியக் காற்றாலைகளின் வரலாற்றை எழுதுவோர் கணவாய்களையும் காற்றின் விரைவையும் விரித்துரைப்பர். அவை எவர் பணத்தில், எக்கணக்கின்மேல் எழுந்தன என்னும் வினா அதே அளவு ஆராயப்படுவதில்லை.

1986இல் தூத்துக்குடி, ஓகா, ரத்னகிரி ஆகிய கடற்கரைகளில் அரசு நிறுவிய காற்றாலைகள் செய்துகாட்டும் நோக்கின. 1987இல் இந்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வளர்ச்சி முகமை கடன் வழங்குவதற்கெனத் தோன்றியது. எனினும் 1990களில் தனியாரை ஈர்த்ததில் கடனினும் வருமானவரிச் சட்டத்திற்கே பங்கு மிகுதி. காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க அச்சட்டம் இடமளித்தது.

1990களின் இடைப்பகுதியில் இந்திய நிறுமங்களின் வரி, மேல்வரி உட்பட, 46 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய் இலாபம் ஈட்டிய நிறுமம் அதே விலையில் காற்றாலை வாங்கின், அவ்வாண்டு 46 இலட்சம் ரூபாய் அதன் கையில் நின்றது. இதனை மானியம் என்பது முற்றும் பொருந்தாது. பின்னாளில் செலுத்தவேண்டிய வரியைத் தள்ளிவைத்தலே இது. தேய்தல் என்பது உழைத்துக் குறைதல். இங்கோ, சில திங்களே சுழன்ற பொறி கணக்கேட்டில் முற்றும் தேய்ந்துவிட்டது! ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட பொறிக்குப் பாதிக் கழிவே கிட்டும் என்பதால், செப்டம்பர் முடிவுக்குள் நிறுவிவிடும் விரைவும் எழுந்தது.

இச்சலுகை நிறுவுதலுக்கே உரியது. மின்னாக்கத்தை அது அளக்கவில்லை. தம் தேவைக்கே மின்னாக்கிய தமிழகத்து நூற்பாலைகளுக்கு ஒவ்வோர் அலகும் மின்கட்டணத்தைக் குறைத்தது. ஆகவே அவை பொறியைப் பேணக் காரணம் இருந்தது. வரிக்காக மட்டும் வாங்கியோர்க்கு அத்தகைய கட்டாயம் குறைவு.

1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி வந்தது. அடுத்த ஆண்டு நிறுமவரியும் 35 விழுக்காடாகத் தாழ்ந்தது. தள்ளிவைக்கும் வரி சிறுக்கவே முதலீடும் தளர்ந்தது. 2002இல் முதலாண்டுக் கழிவு 80 விழுக்காடாயிற்று. 2009 டிசம்பரில், இக்கழிவைப் பெறாதோர்க்கு அலகுக்கு 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மின்னாக்கத்தையே அளவுகோலாக்கிய மாற்றம் என இதனைக் கொள்ளலாம். ஆயினும் 2012இல் நீக்கப்பட்ட விரைவுத் தேய்மானம் 2014இல் மீண்டது. 2017இல் 40 விழுக்காடாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் நடுவணரசு நிறுவனம் நடத்திய முதல் காற்றாற்றல் ஏலத்தில் அலகு விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது.