முதற் சம்பாத்தியம்

வாஷிங்டன் மாநகருக்குச் செல்வோர் வெள்ளை மாளிகையைக் காண்பர். ஆபிரகாம் லிங்கன் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் பளிங்கு மண்டபத்தையும் காண்பர். அம்மண்டபம் 1922-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெருமகனுக்கு அந்நகரில் எழுந்த மற்றொரு சின்னத்தைத் தேடிச் செல்வோர் சிலரே. நாடாளுமன்ற மாளிகையிலிருந்து நேர் கிழக்கே ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் வீடுகள் சூழ்ந்த லிங்கன் பூங்காவை அடையலாம். அச்சிலை அங்கேதான் நிற்கிறது.

பீடத்தின்மேல் வெண்கலத்தில் இரண்டு உருவங்கள். லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் வலக் கரத்தில் விடுதலைப் பிரகடனம். இடக் கரமோ கீழே இருப்பவனுக்கு மேலாக நீண்டிருக்கிறது. கீழே, அரையில் ஒரு துணியன்றி வேறு உடையில்லாத கருப்பின மனிதன் ஒருவன், அறுந்த விலங்குகளோடு மண்டியிட்ட நிலையிலிருந்து எழ முயல்கிறான். பின்னால் சாட்டையடிக் கம்பம். அதன்மேல் கொடி படர்ந்திருக்கிறது. விலங்கு அறுந்தது கண்டு மகிழ்கிறது மனம். ஆயினும் அடுத்த கணமே, விலங்கு அறுந்த பின்னும் இவன் ஏன் மண்டியிட்டிருக்கிறான் என்று அதே மனம் வினவுகிறது.

விடை தேடுவோர் முதலில் பீடத்திலுள்ள பட்டயத்தைப் படித்தல் வேண்டும். 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். மறுநாட் காலை உயிர் நீத்தார். வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற சார்லட் ஸ்காட் என்னும் பெண்மணி, அத்துயரச் செய்தி கேட்ட அன்றே ஐந்து டாலரை எடுத்துக் கொடுத்து, அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அடிமைக்குக் கூலி ஏது? காலமெல்லாம் பிறருக்காகப் பாடுபட்ட அக்கைகள், சுதந்திரம் பெற்ற பின் தமக்கென ஈட்டிய முதற் சம்பாத்தியம் அது! அந்த ஐந்து டாலரைத் தொடர்ந்து, விடுதலை பெற்ற மக்களும் கருப்பினப் படைவீரர்களும் தத்தம் பங்கை அனுப்பினர். பீடத்திற்கான செலவை மட்டும் அரசு ஏற்றது; சிலைக்கான பணம் முழுவதும் நேற்றுவரை அடிமைகளாயிருந்தோர் தந்ததே.

பணம் அவர்களுடையது. வடிவம் யாருடையது? செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் நடத்திய வெஸ்டர்ன் சானிட்டரி கமிஷன் என்னும் போர்க்கால உதவி நிறுவனம் நிதிக்குப் பொறுப்பேற்றது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த அமெரிக்கச் சிற்பி தாமஸ் பால் ஏற்கெனவே அமைத்திருந்த மாதிரியை அந்நிறுவனம் தேர்ந்துகொண்டது. ஈந்தவர்களுக்கு அத்தேர்வில் குரல் இல்லை. மண்டியிட்டவனுக்கு ஆர்ச்சர் அலெக்சாண்டர் என்பவரின் முகம் நிழற்படம் பார்த்து வடிக்கப்பட்டது. அவர் மிசௌரி மாநிலத்தில் அடிமையாயிருந்தவர். உள்நாட்டுப் போரின்போது, பாலம் ஒன்று சதியால் வலுவிழந்திருப்பதை வடபுலப் படையினருக்கு அறிவித்துவிட்டு, உயிர் தப்ப ஓடியவர். தம் விடுதலையை நோக்கித் தம் கால்களாலேயே நடந்த அத்தீரர், சிலையில் முழந்தாளிட நேர்ந்தது!

1876 ஏப்ரல் 14 அன்று, லிங்கன் சுடப்பட்ட பதினோராம் ஆண்டு நிறைவு நாளில், திறப்பு விழா நடைபெற்றது. குடியரசுத் தலைவர் கிராண்ட் வந்திருந்தார். 1838-இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் நாவலராய் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் பேருரை ஆற்றினார். புகழ்மாலை மட்டும் சூட்டிவிட்டு அவர் அமரவில்லை. லிங்கன் முதற்கண் வெள்ளையரின் தலைவரே என்றும், தம் மக்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றோரே என்றும் அந்த அவையிலேயே எடுத்துரைத்தார். ஆயினும் அவர் ஆட்சியில்தான் தம் இனத்தின் தளை அறுந்தது என்பதையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நன்றி கூறும் நாவு உண்மையை விழுங்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன்பின் சில நாட்களில் அவர் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். நாற்கால் உயிர்போல் தாழ்ந்திராமல், மனிதனாகத் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் கருப்பினத்தானின் சிலையைத் தாம் இறக்குமுன் காண விரும்புவதாக அதில் தெரிவித்தார். லிங்கன் பூங்காவில் இன்னொரு சின்னத்திற்கு இடமுண்டு என்றும் சுட்டினார். அவர் 1895-இல் மறைந்தார். அவ்விருப்பம் அப்பூங்காவில் நிறைவேறவில்லை. பழைய நாளிதழ்ப் பக்கங்களில் மறைந்து கிடந்த அக்கடிதத்தை வரலாற்று ஆய்வாளர்கள் 2020-இல்தான் மீட்டெடுத்தனர்.

ஆனால் கடிதம் மீளுமுன்னரே விடை வந்துவிட்டது! 1974-இல் அதே பூங்காவில் மேரி மெக்லியோட் பெத்யூனின் சிலை திறக்கப்பட்டது. முன்னாள் அடிமைகளின் மகளாக 1875-இல் பிறந்து, கருப்பினச் சிறுமியருக்குப் பள்ளி நிறுவிய கல்விச் செல்வி அவர். சிலையில் அவர் நிமிர்ந்து நின்று, ஒரு சிறுவனுக்கும் ஒரு சிறுமிக்கும் தம் உயில் சுருளை நீட்டுகிறார். அதுவரை மேற்கே நாடாளுமன்ற மாளிகையை நோக்கியிருந்த லிங்கன் சிலையையும் அவரை நோக்கிக் கிழக்கே திருப்பி வைத்தனர்.

பாஸ்டன் நகரில் 1879 முதல் நின்ற இதே சிலையின் படி, மக்களின் எதிர்ப்பால் 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. வாஷிங்டனிலும் அவ்வாண்டில் அகற்றவேண்டுமென்ற குரல் எழுந்தது. ஏழைகள் ஈந்த காசின் சாட்சியை அழிக்கலாகாது என்ற குரலும் எழுந்தது. சிலை நிற்கிறது. இரு குரலிலும் நியாயம் உண்டு.

அங்கே செல்வோர் வெண்கலத்தை மட்டும் நோக்கித் திரும்பின், மண்டியிட்ட ஒருவனையே நினைவில் சுமந்து வருவர். பட்டயத்தையும் படித்தோர் சார்லட் ஸ்காட்டைக் காண்பர். அவருக்குச் சிலை இல்லை. ஆயினும் அப்பூங்காவில் முதலில் நிமிர்ந்து நின்றது அவர் தந்த ஐந்து டாலரே அன்றோ!